அரைக் கியூப் மணல்

பெர்மிட் இருக்கா என்று அவள் கேட்கவில்லை.
பருமணலா, கழுவினதா, உப்புப் பட்டதா
என்றுதான் கேட்டாள்.
கடல் மணல் சரிவராதாம்.
ஆமைக்கும் ஆற்று மணல்தான் வேணுமாம்.

பதினொரு வருடம் இந்த ஆற்றைப்
பெட்டி பெட்டியாக ஏற்றியவன் நான்.
மூதூரில் இரண்டு பள்ளிக்கூடம்,
கிண்ணியாவில் ஒரு கல்யாண மண்டபம்,
உப்புவெளியில் வெள்ளைக்காரர் குளிக்கும் தடாகம்,
எல்லாவற்றுக்குள்ளும் வெருகல் ஆறு
சீமெந்தோடு இறுகிக் கிடக்கிறது.
கரை இடிந்த அன்று
மருதமரம் ஒன்று வேரோடு சாய்ந்தது.
அந்த விறகையும் நான்தான் ஏற்றினேன்.

"பார்க்க விருப்பமெண்டா உள்ளுக்கு வாங்க."
ஜெசீமா. முழங்கால்வரை இறப்பர் சப்பாத்து,
அதற்கு மேலும் சேறு.

தகரக் கூரைக்குக் கீழே
மீன்காரரிடம் வாங்கிய றெஜிபோம் பெட்டிகள்,
இன்னும் சூரை வாடை போகவில்லை.
ஒரு மூடியைத் திறந்தாள்.
மணலில் பாதி புதைந்து காராமை முட்டைகள்,
ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஓர் இலக்கம்.
"திருப்பக் கூடாது. இலக்கம் மேலதான் இருக்கோணும்.
உருட்டினா உள்ளுக்கிருக்கிறது செத்துப்போகும்."
நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஆணா பெண்ணா என்று
மணலின் சூடுதான் தீர்மானிக்குமாம்.
கல்யாண மண்டபத்துச் சுவர் நினைவுக்கு வந்தது.

வெளியே தொட்டியில் போன வருடத்துக் குட்டிகள்,
பிளேன்ரீக் கோப்பையின் பீரிசு அளவில்.
செத்த கெளிறு ஒன்றை
நாலைந்தாய் இழுத்துக்கொண்டிருந்தன.
"இதுகள் அழுகினதைத் தின்றபடியால்தான்
தண்ணி தண்ணியா இருக்கு" என்றாள்.
அவளுக்கு இருபத்தைந்து இருக்கலாம்.
இந்த ஆறு எதையெல்லாம் கொண்டுவந்து
எங்கள் துறையில் ஒதுக்கியது என்று
நான் சொல்லவில்லை.
அந்த வருடம் முழுக்க
அப்பா ஆற்று மீன் வாங்கவில்லை.
ஆமைகள் அப்போதும் இருந்தன.

மணலை அரித்தாள்.
சல்லடையில் தங்கியவை
சோடாப் போத்தல் மூடி ஒன்று, கொஞ்சம் மட்டிச் சிப்பி,
விரல்நகம் அளவு வெள்ளைக் கோது.
வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள்,
நெடுநேரம்.
பொரித்ததா, மண்வெட்டி பட்டு உடைந்ததா
என்று அவளும் சொல்லவில்லை.

"எங்க அள்ளினீங்க?"

பொலிசுக்கும் சொல்லாத இடம்.
மச்சானுக்கும் சொல்லாத இடம்,
அவனிடமும் டிரக்டர் இருக்கிறது.
ரசீதுத் துண்டைப் புரட்டி ஆற்றைக் கீறினாள்.
இரண்டாவது வளைவு பிழை.
பேனையை வாங்கித் திருத்தினேன்.

"கண்டுபிடிக்க அடையாளம் ஏதும்?"
"மருதமரம்" என்றேன்.

பிறகு,
"நிண்ட இடம்."