ஆமா

ஈத்தாமொழிக் கொடையில்
செண்டைக்காரர்கள் சாயா குடிக்கப் போன நேரம்
வில்லுக்குப் பக்கத்திலிருந்து எனக்குக் கிடைத்தது
அந்த 'ஆமா'.
அரை நொடிகூட இல்லை.
பாதி மூக்கில், பாதி வாயில்,
கடைசியில் இருமலை விழுங்குகிற சின்னச் சத்தம்.

வெட்டூர்ணிமடத்தில் செல்போன் கடைக்கு மேலே என் அறை.
ஒழுகுகிற மூலையை விட்டுத் தள்ளி
மடிக்கணினி, இரண்டு ஸ்பீக்கர்,
முட்டை அட்டை ஒட்டிய சுவர்.
நூற்றுப் பதினெட்டு வேகத்தில் கிக் போட்டேன்.
அடியில், ஆரல்வாய்மொழிக் காற்றாலைத் தூணில்
மைக்கை ஒட்டவைத்து எடுத்த முனகல்.
மேலே முட்டத்து ஏலக்காரி ரெஜீஸ்மேரி.
நாற்காலியில் உட்கார வைத்தால் அவளுக்குக் குரல் வரவில்லை.
கீழேபோய் ஒரு ஐஸ் பெட்டி தூக்கிவந்து வைத்தேன்,
அதன்மேல் ஒரு காலை ஏற்றினாள்,
எழுநூறு எழுநூறு எழுநூற்றம்பது யாரு எண்ணூறு,
பிறகு நிறுத்துவதுதான் பாடாகிவிட்டது.

பஹ்ரைன் படகிலிருந்து மச்சினன் அனுப்பியது இன்னொரு குரல்.
வலை இழுக்கையில் கூட நிற்பவன் பாடுகிறான்.
எந்த ஊர், என்ன மொழி,
மச்சினனுக்கும் தெரியாது.
'நல்ல மனுசன், உப்பு கேட்டா சீனி தருவான்'
என்று மட்டும் எழுதியிருந்தான்.

ஒன்றும் ஒட்டவில்லை.
வில்லின் மணிகள் திரையின் கட்டங்களுக்குள் நிற்காமல்
பள்ளி விட்ட பிள்ளைகள்போல
நாலாவது அடியில் முந்தி ஓடின.
அப்போதுதான் அந்த ஆமாவை எடுத்து
ஆணியாக அடித்தேன்,
முப்பத்திரண்டு இடத்தில்.
பாட்டு எழுந்து நின்றது.

பதினோராம் நாள்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் படியேறி வந்தான் தாணுலிங்கம்.
வயது இருபத்தாறு, என்னைவிடப் பன்னிரண்டு குறைவு.
பகலில் தக்கலை பெட்ரோல் பங்க்,
கொடைக்காலத்தில் குடமும் பின்பாட்டும்.
"எண்ணெய் போட வந்தவனுக்க செல்லில
எனக்க சத்தம் கேக்கு ஓய்.
ஆமா ஒண்ணுக்கு என்ன ரேட்டு?"

நான் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

"தொட்டில் காலியா கெடக்குன்னு புலவர் சொன்னப்பளாக்கும்
நான் ஆமா சொன்னது.
அது அந்தத் தொட்டிலுக்கு உள்ளது.
நீரு அதை நெய்மீனுக்குக் குடுத்திருக்கீரு."

போடச் சொன்னான்.
ஹெல்மெட்டை மடியில் வைத்து இரண்டு தடவை கேட்டான்.
விரல் மடக்கி எண்ணினான்.
"எல்லாத்துக்கும் ஒண்ணுபோல ஆமா சொல்லுகவன்
கதை கேக்கல்ல ஓய்.
சம்பளம் வாங்குகான்."

ஃபேனை நிறுத்தினேன்.
முப்பத்திரண்டையும் அழித்தேன்.
அழிக்க ஒரு பொத்தான் போதும், அது கொஞ்சம் வலித்தது.
மைக்கை அவன் பக்கம் திருப்பினேன்.

எழுநூறு என்றாள் ரெஜீஸ்மேரி. ஆமா.
எழுநூற்றம்பது. ம்.
எண்ணூறு. அம்மாடி.
எண்ணூற்றம்பதுக்குப் பதிலே சொல்லாமல்
குலுங்கிச் சிரித்தான்,
அதையும் வைத்துக்கொண்டேன்.
மணிகள் இப்போதும் முந்தித்தான் ஓடின,
அவன் அவற்றோடு ஓடினான்,
கிக்தான் பின்னால் மூச்சு வாங்கியது.

பிறகு பஹ்ரைன் குரல் வந்தது.
ஒரு வரி போயிற்று.
இன்னொன்று.
"என்னவாக்கும் சொல்லுகான்?"
தெரியாது என்றேன்.
"பின்னே எப்பிடி ஆமா சொல்ல?"
வாயை மூடிக்கொண்டு
முன்னால் சாய்ந்து கேட்டான், அவ்வளவுதான்.
கிக்கையும் எடுத்துவிட்டேன்.
ஒன்பது நொடி
வலை இழுக்கிற ஒருவன்,
அவனுக்கு எதிரே
இவன் மூச்சு.

ஐப்பசியில் குழித்துறை ஆற்றங்கரையில் அதைப் போட்டோம்.
கல்லூரிப் பிள்ளைகள் இருநூறு பேர்,
செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினார்கள்.
அந்த இடம் வந்ததும்
உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே நின்றன.
தூரத்திலிருந்து ஒருவன் கத்தினான்:
"கரண்டு போச்சால?"

இருட்டுக்குள்ளிருந்து யாரோ,
அவசரமே இல்லாமல்,
"ஆமா."

தாணுலிங்கம் என் முழங்கையைத் தட்டினான்.
"அது நான் இல்ல ஓய்.
அதைக் கணக்கில சேக்காண்டாம்."