கடை தாண்டி இடப்பக்கம்

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டின் பின்பக்கம்
நர்ஸ் எழுதித் தந்தது ஒரு நம்பர், இரண்டு கிழமை:
செவ்வாய். சனி. ஏழரை.
பர்சுக்குள் மூன்று வாரம் கிடந்தது,
மகளின் கம்மலை வைத்த ரசீதோடு ஒட்டி.

திங்கள்சந்தையில் வேண்டாம்,
அங்கே நான் பூசாத வீடு குறைவு.
பஸ் ஏறிப் போகிற தூரம் நல்லது. கருங்கல்.

போனில் ஒரு குரல். பெயர் கேட்கவில்லை.
"பஸ்ஸ்டாண்டில எறங்கி கெழக்க நட.
நம்ம கடை தெரியும்லா?"
தெரியும் என்றேன்.
"தெரியாம இருக்குமா. அதத் தாண்டி இடப்பக்கம்,
பள்ளிக்கூடம், பின்வாசல்.
தாண்டிட்டேண்ணா பாதி வந்தாச்சு மக்கா."

முதல் செவ்வாய் தாண்டவில்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
கம்பிவலைக்குள் கையை நீட்டினேன்,
மீதிச் சில்லறையைக்கூட எண்ணி வாங்கினேன்.

சனிக்கிழமை மழை.
வாழைக்குலை ஏற்றிய டெம்போ ஒன்று
வளைவில் ஊர்ந்துகொண்டிருந்தது.
அதன் முதுகில் கண்ணை வைத்து நடந்தேன்.
மட்டி, செந்துளுவன், மறுபடி மட்டி.
எண்ணி முடித்தபோது கடை பின்னால் இருந்தது.

முதலில் திறந்த கதவு தப்பு.
மகளிர் சுயஉதவிக் குழு,
மேசையில் பத்து ரூபாய்க் கட்டுகள்.
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல் ஒருத்தி சொன்னாள்:
"பின்னால போங்க அண்ணே."
எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஆறாம் வகுப்பு. பிள்ளைகளின் பெஞ்சு,
முட்டி மேசையில் இடிக்கிறது.
பலகையில் அழிக்காமல் விட்ட வகுத்தல் கணக்கு,
மீதி மூன்று.
கட்டஞ்சாயா வந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தேன்.
எதிரே இருந்தவரும்
இரண்டு கையாலும்தான் பிடித்திருந்தார்.

ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி நோயைச் சொன்னார்கள்,
ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்வதுபோல.
சேசடிமை, குறும்பனையில் வள்ளம், முப்பத்தொன்பது நாள்.
வாசல் பக்கம் ஸ்டெல்லாபாய், அண்டியாபீஸ், பதினாலு மாசம்.
தாணுமாலயப் பிள்ளை, பழைய கண்டக்டர், நாலு வருஷம்.
"இன்னைக்கும் சேத்து" என்றார்.

என் முறை வருவதற்குள் அடுக்கி வைத்திருந்தேன்:
கை நடுக்கம், கம்மல்,
சாரத்திலிருந்து விழுந்தது,
ஜெயசீலி பேசாமலிருக்கும் மாதங்கள்.
எழுந்து நிமிர்ந்தபோது வடக்குச் சுவர் தெரிந்தது.

ஆறு வருஷத்துக்கு முன், பங்குனி வெயிலில்,
சாரத்துக் கயிற்றில் குவார்ட்டரைச் செருகி வைத்து
நான் பூசிய சுவர்.
நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது.
வயிற்றின் உச்சியில் ஆணி, ஆணியில் காலண்டர்,
கீழ்ப்பக்கம் சுவரைத் தொடாமல் காற்றில் ஆடுகிறது.
பெயின்ட் அடித்தால் தெரியாது என்றார் காண்ட்ராக்டர்.
தெரிகிறது.

"எனக்க பேரு வில்பிரட். அந்தச் செவுரு நான் பூசினது."
அவ்வளவுதான் வந்தது.

தாணுமாலயப் பிள்ளை கூரையைப் பார்த்துக் கும்பிட்டார்.
"நாலு வருஷமா அந்தக் காலண்டர் ஆடுகதப் பாத்து
எனக்கு இன்னும் எறங்கலியோண்ணு
பயந்துட்டு கெடந்தேன் வோய்!"
சிரித்தார்கள். ஸ்டெல்லாபாய்க்குச் சாயா புரையேறியது.
நானும் சிரித்தேன். அது எந்த இடத்தில் அழுகையானது என்று
யாரும் குறித்துவைக்கவில்லை.

கொத்திப்போட்டுப் புதிதாகப் பூசித் தரட்டுமா என்றேன்,
கூலி வேண்டாம்.
"இப்பம் தொடாண்டாம்" என்றார் சேசடிமை.
"மொதல்ல செவ்வாக்கெழம வா."

ராத்திரி கதவைத் திறந்த ஜெயசீலி
என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தாள்.
தேயிலை.
ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

இன்று பதினேழு.
காலையில் வில்லுக்குறியில் ஒரு வீட்டின் கன்னிமூலையில்
ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன்.
குமிழி நடுவுக்கு வந்தது, கொஞ்சம் தள்ளிப் போனது.
கல்லா, கையா, தெரியவில்லை.
கையாள் பையன் பார்த்துக்கொண்டே நின்றான்.
கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டினேன்.

பஸ் ஆறு நாற்பதுக்கு.