பதின்மூன்று லிட்டர்

கணினிப் பெட்டியை லிட்டரில் அளப்பார்கள் என்று
போன மாதம்தான் எனக்குத் தெரியும்.
பகலெல்லாம் நான் எழுதுவது கன அடியில்:
கோரையாற்றுக்கு இவ்வளவு, பாமணிக்கு இவ்வளவு,
வெண்ணாற்றில் மிச்சம்.
மாலை ஆறுக்கு மேல் லிட்டர்.

ஏழு லிட்டரில் என் கிராபிக்ஸ் கார்டு நுழையாது.
இருபது என்றால்
பீரோவுக்கும் சன்னலுக்கும் நடுவில் இருக்கிற
பத்தொன்பது சென்டிமீட்டர் ஒத்துக்கொள்ளாது.
ஒரு குடம் அளவு வெற்றிடம்,
அதற்கு நாலு பக்கமும் சுவர்.
கேட்பது அவ்வளவுதான்.

பழைய பெட்டி போட்ட சத்தம் அப்படி.
எதிரிக் கோட்டைக்குள் நான் பூனைநடை போடுகையில்
அது அறுவடை இயந்திரமாய் இரையும்.
இருப்பது ஒரே அறை.
மூன்றடி தள்ளிப் பாலகுரு தூங்குகிறார்,
அரிசி ஆலையில் பகல் முழுக்க நின்ற காதுகளோடு.
நாலு வருடத்தில் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.
அதுதான் உறுத்தியது.

கூத்தாநல்லூரில் நிஜாமுதீன் சொன்னார்:
"கண்ணாடி வச்சது எடுங்க மேடம்.
ட்யூப்ல நீலம், பம்ப்ல சிவப்பு,
ராத்திரி பார்த்தா தேர் மாதிரி இருக்கும்."
தேர் வருடத்துக்கு ஒரு நாள் என்றேன்.
தண்ணீர் ஓடுவது யாருக்கும் தெரிய வேண்டாம் நிஜாம்,
போய்ச் சேர்ந்தால் போதும்.
அவர் சிரிக்கவில்லை. அடுத்த படத்தைக் காட்டினார்.

பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி
முழு அளவில் ஒரு மாதிரி செய்து பார்த்தேன்.
ரேடியேட்டருக்கு உடைந்த டைல்,
பம்புக்குத் தைலப் புட்டி,
குழாய்க்குச் சைக்கிள் ட்யூப்.
எல்லாம் அடங்கின. மூடிதான் மூடவில்லை.
நாலு மில்லிமீட்டர்.
அதற்கே இரண்டு வாரம் போயிற்று.

வலை வைத்தால் தாளடித் தூசு வரும்,
வைக்காவிட்டால் மூச்சு வராது.
எந்த ஓட்டையைக் கண்டாலும்
குளவி தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்ளும் ஊர் இது.
போன வருடம் ஹெட்போன் துளையில் மண்.

கடைசியில்
கண்ணாடி இல்லாத இரும்பு,
கொசுவலை போலப் பொடிக்கண்,
வண்டல் காய்ந்த நிறம்.
பதின்மூன்று லிட்டர்.
விலை சொல்ல மாட்டேன்.
பாலகுருவிடம் சொன்னது பாதி.

பூட்டிய அன்று உள்ளே களக்களக் என்றது.
குமிழ்.
பம்பு மேட்டில், ரேடியேட்டர் பள்ளத்தில்.
காற்று மேட்டில்தான் போய் உட்காரும்;
இது தெரிந்ததற்காகத்தான் எனக்குச் சம்பளமே.
பெட்டியைத் தலைகீழாக நிறுத்தினேன்.
இரண்டு முறை விக்கிவிட்டு அடங்கியது.
இன்னமும் அப்படியேதான் நிற்கிறது.

உள்ளே இருப்பது ஒரு டம்ளர் தண்ணீர்.
அதுவே போகிறது, அதுவே வருகிறது.
முறை வைக்க வேண்டாம், கடைமடை கிடையாது,
கடல் கிடையாது,
யாரும் மனுவோடு வந்து நிற்பதில்லை.

அன்று இரவு பதினொன்றரை.
காவலனின் முதுகுக்குப் பின்னால்
என் மூச்சு எனக்கே கேட்கிறது.
"கரண்ட் போயிடுச்சா?"
பாலகுரு எழுந்து உட்கார்ந்திருந்தார்.
தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
இல்லையே என்றேன்.
"பின்ன என்ன சத்தம் நின்னுது?"

மூணாறு தலைப்பில் ஷட்டரை இறக்குகிற இரவுகளில்
குவார்ட்டர்ஸ் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியும்.
இரைச்சலில் தூங்கியவர்கள்
அது நின்றதும் எழுந்து வாசலுக்கு வருவார்கள்.
டார்ச்சோடு எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.
பெட்டி தேடிய ஒரு மாதத்தில்
அது ஒருதரம்கூட நினைவுக்கு வரவில்லை.

"இனிமே தூக்கம் வராது" என்றார்.
பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு
பக்கத்தில் உட்கார்ந்தார்.
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.
பிறகு, காவலனுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல்
குரலைத் தணித்து,
"அந்தத் தூணுக்குப் பின்னாடி
இன்னொருத்தன் நிக்கிறான்" என்றார்.

நின்றான்.