கடவு

ஐநூற்றுப் பதினேழு எங்கள் மண்டியின் சீட்டு.
முகவரியின் வாலில் அந்த எண் தொங்கிக்கொண்டிருந்தது.
பதினெட்டு என்று மாற்றி அடித்தேன்,
அவ்வளவுதான்.
பூட்டை உடைக்கவில்லை.
பெருந்துறையில் மாசி வெயில், மணி மூன்று.
யாரோ ஒரு வியாபாரி எழுதிய மஞ்சள் விலை
என் திரையில் வந்து உட்கார்ந்தது:
விரலி, குவிண்டால் ஏழாயிரத்து நூற்றுப் பத்து.
ஐந்து மணிக்குத்தான் டெண்டர் திறப்பார்கள்.

நாலரைக்கு ஏலக் கம்பெனியைக் கூப்பிட்டேன்.
"ஏனுங்க, உங்க கடவு தொறந்து கெடக்குதுங்க."
கிளுவ வேலியில் ஆள் நுழையும் சந்து
எங்கள் பக்கம் கடவு.
அந்த முனையில் இருந்தவர் வெளியூர்க்காரர்.
"யாரோட கடவுச்சொல்லைத் திருடுன?" என்றார்.

ஆறு மணிக்கு ஜீப்.
அடுத்தவன் காட்டில் மேய்ந்த மாட்டைத்தான்
தொண்டுப்பட்டியில் அடைப்பார்கள்,
படலைச் சாத்தாதவனை யாரும் அடைத்ததில்லை.
முதலாளி அர்த்தநாரி வந்து கையெழுத்துப் போட்டு மீட்டார்.
மறுநாள் கணக்கை முடித்தார்.
"புள்ள கெட்டிக்காரிதானுங்க, கைதான் நீளம்."
பேப்பரில் 'மஞ்சள் ஏலத்தில் ஊடுருவிய இளம்பெண்'.
அந்த ஞாயிற்றுக்கிழமை பவானிக்கு
என்னைப் பெண் பார்க்க வரவேண்டிய ஒறம்பரை
வழியிலேயே திரும்பிவிட்டதாம்.

பதின்மூன்று வருஷம்.
அதே கம்பெனி இப்போது
அவிநாசி ரோட்டில் கண்ணாடிக் கட்டடம்.
ஓட்டையைக் கண்டு சொன்னால் பணம் என்கிறார்கள்.
சொன்னேன். சால்வை போட்டார்கள், படம் எடுத்தார்கள்.
'நெறிசார் ஊடுருவாளர் வேதநாயகி' என்று சான்றிதழ்.
செய்த வேலை அதேதான்.
அன்று ஜீப்பின் முன்சீட்டில் இருந்தவர்
முன்வரிசையில் இருந்தார், தலை நரைத்து.
கை கழுவும் இடத்தில் மெதுவாகக் கேட்டார்:
"நம்ம பாப்பாளுக்கும் இதுலதானுங்க மேடம் ஆசை.
எந்தக் காலேஜுல போடலாமுங்க?"

இதெல்லாம் இருக்கட்டும்.
மூன்றுக்கும் நாலரைக்கும் நடுவே
ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.
ஸ்டேஷனிலும் கேட்கவில்லை, மேடையிலும் கேட்கவில்லை.

ஓட்டை இருக்கிறது என்று காட்ட ஒரு சீட்டுப் போதும்.
நான் நாற்பத்தொன்று பார்த்தேன்.
பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று...
நாக்கு வறண்டது, விரல் நிற்கவில்லை.
நாற்பத்தொரு விலையும் பத்து ரூபாய் வித்தியாசத்துக்குள்.
காலையில் ஒரே மேசையில் டீ குடித்தவர்கள்
ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது போல.
அதில் எங்கள் மண்டிச் சீட்டும் உண்டு,
நானே தட்டச்சு செய்தது.

வெளியே வேப்ப நிழலில் சிவகிரி சென்னியப்பன்,
அறுபது மூட்டையோடு.
"இன்னைக்கு குடுக்காதீங்க" என்றேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
அடுத்த வாரம் விலை ஐந்நூறு இறங்கியது,
அதற்கடுத்த வாரம் இன்னும்.
நான் வேலை போய் வீட்டில் இருந்தபோது
பஸ் ஏறி வந்து இரண்டு தேங்காய் கொடுத்துவிட்டுப் போனார்,
நல்லது நினைத்துத்தான் சொன்னேன் என்று.
அவருக்கும் சொல்லவில்லை.
கம்பெனிக்குக் கடவைச் சொன்னேன்,
கடவு வழியே தெரிந்ததைச் சொல்லவில்லை.
அன்று ராத்திரியே அடைத்துவிட்டார்கள்.

பரிசுக்கு முன்னால் ஒரு படிவம்.
'தேவைக்கு மேல் எதையும் பார்க்கவில்லை
என உறுதியளிக்கிறேன்', பக்கத்தில் ஒரு கட்டம்.
இந்தத் தடவை ஒரே சீட்டு. பார்த்ததும் மூடினேன்.
பொய்யில்லை, டிக் அடிக்கலாம்.
ஆனாலும் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

தென்னையில் தேள் கொட்டினால்
பனையில் நெறி கட்டும் என்பார்கள்.
கொட்டியது சென்னியப்பனுக்கு.
கட்டியிருப்பது என் பெயருக்கு முன்னால்,
தங்க எழுத்தில்.

டிக் அடித்தேன்.
பக்கத்துச் சீட்டில் என்ன விலை எழுதியிருந்தார்களோ,
அது மட்டும் எனக்குத் தெரியாது.