பாதி டிக்சனரி

கஸ்தூரியார் வீதியில், பழைய பேப்பர் நிறுக்கிற கடையில்
அறுநூறு சொன்னான். நானூற்றைம்பதுக்கு முடித்தோம்.
ஆளுக்கு இருநூற்றிருபத்தைந்து.
முதுகு ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது.
றொமில்டா முழங்காலில் வைத்து ஒருதரம் வளைத்தாள்.
ஏ தொடங்கி எல்லின் பாதிவரை அவளுக்கு,
மிச்சம் எனக்கு.

காசுக்குச் சரி.
ஆனால் அந்த வருசம் முழுக்க
எங்கள் இங்கிலீசும் அதே இடத்தில் கிழிந்து கிடந்தது.

நாளுக்குப் பத்துச் சொல், சொல்லுக்கு மூன்று வசனம்,
வெள்ளிக்கிழமை ஒப்புவிக்க வேணும்.
என் கட்டுரைகளில்
மாடுகள் எல்லாம் ஒப்ஸ்டினேற், பிடிவாதம் பிடித்தவை;
மழை ஓயாமல் பெர்ப்பெச்சுவல்;
நல்லூர் வீதி மணல்கூட றெஸ்பிளெண்டன்ற் ஆக மினுங்கும்.
அவளுடையதில்
பஸ் கொண்டக்டரும் பெனெவலன்ற்,
பாசையூர்ச் சந்தைச் சூடை மீனும் எக்ஸ்குவிசிற்.
கெங்காதரன் சேர் ஓரத்தில் எழுதினார்:
'பிள்ளைக்கு எம்முக்கு முன்னால் எழுத்துகள் இருக்கிறது தெரியுமோ?'

அன்பு அவளிடம் போனது, கலியாணம் என்னிடம்.
பசி அவளுக்கு, சோறு எனக்கு.
குருநகரில் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பவள் அவள்;
கடல் என்ற சொல்லோ
கொண்டாவிலில், என் மேசை லாச்சிக்குள்.

என் பாதியின் முதல் பக்கத்து உச்சியில்
சொல்லே இல்லாமல் ஒரு பொருள் நின்றது:
'இரு இரைச்சல்களுக்கு நடுவே சற்று அடங்கியிருத்தல்.'
தலை அவளுடைய கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும்.
கேட்டிருக்கலாம்.
அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.
'இதுக்கும் ஒரு சொல் வைச்சிருக்கிறாங்களே' என்றாள்,
'நாங்கள் அதுக்குள்ளை ஓடிப்போய்த் தண்ணி அள்ளினனாங்கள்.'

ஆவணியில் ஒரு வெள்ளி.
றொமில்டா எழும்பி வாசித்தாள், 'எபிற்றோம்.'
'எபிற்றமி' என்று சேர் திருத்தினார்.
வகுப்பு சிரித்தது.
தொடங்கியது நான்.
அது அவளுடைய பாதிச் சொல்,
எழுத்துக்கூட்டிப் பாடமாக்க அவள் பட்ட பாடு
எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்பது நாள் அவள் பஸ் ஸ்ராண்டில் எனக்காக நிற்கவில்லை.
ஒன்பது இரவும் என் பாதியைப் புரட்டினேன்.
பெனிற்றன்ற், றிமோர்ஸ், றிப்பென்ற்,
குற்றவாளிக்கு வேண்டியதெல்லாம் என் பக்கத்தில்தான்.
விடுதலை செய்கிற சொற்கள் அவளிடம்.
அப்பொலொஜியும் அவளிடம்தான்;
எனக்கென்று மிஞ்சியது, எஸ்ஸில்,
ஏழாம் வகுப்புப் பெடியளும் எறிகிற
ஒரு சின்ன 'சொறி.'

ஞாயிறு, பூசை முடிய, சைக்கிளில் போனேன்.
துறைமுகச் சுவரில் இருந்தாள், காலை ஆட்டிக்கொண்டு.
நான் பெரிய சொல்லாகத்தான் தொடங்கினேன்:
'ஐ ஆம் பெனிற்றன்ற்.'
'பி-யிலையே?' என்றாள், கடலைப் பார்த்தபடி.
'ஓம், பி.'
'என்ரையிலை நாலாம் பக்கத்திலை அப்சொல்வ் எண்டு ஒண்டு கிடக்கு.
பாவசங்கீர்த்தனத்திலை பாதர் சொல்லுறது.
நான் பாதர் இல்லை.'

சொன்னாள். ஆனால் கொஞ்சம் நகர்ந்தாள்,
சுவரில் ஒரு ஆள் இருக்கிற அளவுக்கு.

வள்ளம் ஒன்று வந்து எஞ்சினை நிப்பாட்டியது.
காகங்கள்கூட ஏனோ வாயை மூடின.
'ஏய், என்னட்டைக் கடைசிப் பக்கத்திலை ஒரு சொல் கிடக்கு.
பொருள் இல்லை.
அது உன்ரைக்குள்ளை வந்திட்டுது எண்டு நினைக்கிறன்.'
'என்ன சொல்?'
'லல்.'

எவ்வளவு சின்னன்.
பொருள் எனக்கு மனப்பாடம்,
நாக்கின் நுனியில் இருந்தது.
நான் உடனே சொல்லவில்லை.
அடுத்த வள்ளக்காரன் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான்,
இன்னும் இழுக்கவில்லை.