சான்று போதாது

பெர்கனில் மழை, பதினோராவது நாள்.
அகராதி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
கம்பளிக் கோட்டுகள் ஆணியில் தொங்கிச் சொட்ட,
என் மேசைக்கு வந்து சேர்ந்தது ஓர் இழுப்பறை.

முதல் கட்டு: சாகசக்காரன்.
நூற்றுப் பன்னிரண்டு சீட்டு.
பனிப்பாறை, நாய்வண்டி, திமிங்கில எண்ணெய்,
பேரில்லாத முனைக்குத் தன் பேரை வைத்தவன்,
கப்பலை உடைத்தவன், கடனோடு திரும்பியவன்,
திரும்பாமலே சிலையானவன்.

இரண்டாம் கட்டு: சாகசக்காரி.
விகுதிதான் மாறியது.
பனி உடனே உருகிவிட்டது.
கடல் வற்றி ஹோட்டல் அறையானது,
தரையில் கம்பளம், மேசையில் இரவல் முத்துமாலை.
1887, ஒரு நாவல், பக்கம் 212:
'சாகசக்காரி முகத்திரையை மெல்ல உயர்த்தினாள்.'
1893, ஒரு நாடகம், இரண்டாம் அங்கம்:
'அந்தச் சாகசக்காரியிடமா என் மகனை விட்டாய்?'
1902, தொடர்கதை:
'அவள் சாகசக்காரி; சிரிப்பிலேயே தெரிந்தது.'

இருபத்தாறு சீட்டு படித்தேன்.
ஒருத்திக்கும் செருப்பு நனையவில்லை.
ஒருத்திக்கும் பசிக்கவில்லை.
எந்த ஊரிலிருந்து, எந்த ரயிலில்,
யாரிடம் கைமாற்று வாங்கி டிக்கெட் எடுத்தாள்?
எழுதியவர் எவரும் கேட்கவில்லை.
வந்துவிட்டாள், அதுதான் குற்றம்.

எங்கள் மொழியில்
சாகசத்துக்கும் தேவதைக் கதைக்கும் ஒரே சொல்: எவென்டிர்.
ஆண் புறப்பட்டால் அது பயணம்.
பெண் புறப்பட்டால்
கதை விடுகிறாள்.

கட்டின் அடியில், மற்றவற்றைவிடச் சற்றே நீளமாய்,
இருபத்தேழாவது சீட்டு.
டிரோம்சோ சுங்கச்சாவடிப் பதிவேடு, 1924.
பெயர்: ஆஸ்லௌக் ப்ரெக்மூ.
தொழில் என்ற கட்டத்தில்
குமாஸ்தா எழுதியிருக்கிறான்: சாகசக்காரி.
எழுதும்போது பக்கத்து மேசையைப் பார்த்துக்
கண்ணடித்திருப்பான்; 'ரி'யின் வாலில் தெரிகிறது.
கீழே வேறு மை, வேறு கை:
'ஸ்பிட்ஸ்பெர்கனில் ஒரு குளிர்காலம். ஆள்: நான் மட்டும்.
வெள்ளை நரித்தோல் 41. கரடி 1.
குளிர் தின்ற கால்விரல் 2.
அந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள் என்றால்
அடித்துவிட வேண்டாம்.'

அடிக்கவில்லை.
'2. துணிந்து தொலைதூரம் செல்பவள்'
என்று சேர்த்து, பதிப்பாசிரியரிடம் கொண்டுபோனேன்.
ஹல்வோர் கெட்டவர் இல்லை.
உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சில் பாதியைத் தந்தார்.
'யோருன், விதி உனக்குத் தெரியும்.
ஒரு பொருளுக்கு மூன்று சான்று.'
சீட்டின் மூலையில், பென்சிலில், அவர் கையெழுத்து:
சான்று போதாது.

முதல் பொருளை
நாற்காலியைவிட்டு எழாமலே
இருபத்தாறு பேர் நிறுவிவிட்டார்கள்.
இரண்டாம் பொருளுக்கு
ஒருத்தி விரல்களைக் கொடுத்தாள்.
கணக்கில் அது ஒன்றுதான்.
ஆரஞ்சு புளித்தது. தின்றுவிட்டேன்.

ஐந்து மணிக்குத் துறைமுகத்தில்
வடக்கே போகும் தபால் கப்பல் நின்றிருந்தது.
இப்படி ஒரு உத்தேசத்தோடு நான் குடை எடுத்து வரவில்லை.
பையில் சம்பளம், ஒரு பென்சில்,
எழுதாத சீட்டு ஒரு கட்டு.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்
தலை நிமிராமல் கேட்டார்:
'எதுவரை?'
கப்பல் போகும்வரை என்றேன்.
'எத்தனை பேர்?'
ஒன்று.

அப்போதுதான் நிமிர்ந்தார்.
என் செருப்பைப் பார்த்தார், மோதிரமில்லாத கையைப் பார்த்தார்.
'தனியாகவா?'
என்று கேட்டுச் சிரித்தார்.

ஒரு சீட்டை உருவினேன்.
தேதி, இடம், சொன்னவர்.
மழையில் பென்சில்தான் நல்லது,
கரையாது.