நான்காம் பக்கம்

பக்கத்துக்கு அறுபது ரூபாய். தேடுகூலி தனி.
எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்
பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.
பென்சிலோடு உள்ளே போனேன்,
மாசசூசெட்ஸிலிருந்து வந்த மின்னஞ்சலை அச்செடுத்து
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு.

கேட்டவர் திருமதி லொரேன் ஹோல்பரி.
பத்துத் தலைமுறை வம்சமரம் அனுப்பியிருந்தார்.
அடிமரம் ஹோப்ஸ்டில் ஹோல்பரி,
ஆயிரத்து அறுநூற்று முப்பத்தாறில்
மனைவி, ஒரு பசு, ஒரு வேதப்புத்தகத்துடன்
அந்தக் குளிர்கரையில் இறங்கியவர்.
கிறிஸ்துமஸ் கொண்டாடுவது பாவம் என்றவர்.
மோதிரம் மாற்றாமல் மணந்தவர்.
பிள்ளைகளுக்கு அவர் வைத்தவை பெயர்களா கட்டளைகளா
என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன்:
மூத்தவன் பெருகு.
அடுத்தவள் மௌனம்.
கடைக்குட்டி காத்திரு.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.
என் பெயர் பொறுமைராஜ்.
சூளையில் எங்கள் சந்தில் நின்று
கிருபை என்று கூப்பிட்டால்
மூன்று கதவு திறக்கும்.

காத்திரு காத்திருக்கவில்லை.
கருவாடு ஏற்றிய கப்பலில் பார்படோஸ்,
அங்கிருந்து லண்டன்,
அங்கிருந்து ஆண்டுக்கு ஐந்து பவுனுக்குக்
கம்பெனி எழுத்தனாக மதராசபட்டினம்.
மசூலாப் படகிலிருந்து தூக்கி
ஈரத்தோடு மணலில் போட்டிருப்பார்கள்.
மரத்தில் அவன் கிளை விரல்நீளம்:
'மதராசில் இறப்பு. சந்ததி இல்லை.'
இறப்புக்கு ஒரு சான்று வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று நாள் தும்மினேன்.
முதல் பக்கம், சம்பளப் பட்டியல்.
இரண்டாவது, ஜெபத்துக்கு வராததற்கும்
கோட்டைக்கு வெளியே இரவு தங்கியதற்கும் அபராதம்.
மூன்றாவது, செத்தபின் ஏலம் போன சாமான்கள்:
கட்டில் ஒன்று, பொய்முடி இரண்டு,
உடைந்த வெள்ளிக் கரண்டி,
தகப்பன் எழுதிய கடிதங்கள் பதினொன்று,
அரக்கு உடையாமல்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலை
அந்த ஊழியர்தான் தப்பாக எடுத்துவந்து வைத்தார்.
திருப்பித் தரும் சோம்பலில் புரட்டினேன்.
பூச்சி ஓட்டைக்கு ஒரு வரி கீழே,
ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று நாலு, மாசி வெயிலில்,
'ரிமெம்பர், வெயிட்ஸ்டில் ஹோல்பரியின் மகள்.
தாய், ஒரு மலபார்ப் பெண்.'
மலபார் என்றால் அன்றைக்கு நாம்தான்.

நினை.
மகளுக்கு நினை என்று வைத்திருக்கிறான்.
யாரை என்று எழுதவில்லை.

நான்கையும் அனுப்பினேன்.
பதில் இனிமையாக இருந்தது.
'அந்தக் கடிதங்களைப் படித்து அழுதேன்.
நான்காம் பக்கம் வேறு யாரோ ஹோல்பரியாக இருக்கக்கூடும்.
மூன்று பக்கத்துக்குத் தொகை அனுப்பியிருக்கிறேன்.'
கோட்டைக்குள் அப்போது இருந்த வெள்ளைக்காரர்
நூற்றுச் சொச்சம் பேர்.
அதில் எத்தனை காத்திரு, அம்மா?
எழுதினேன். அனுப்பவில்லை.

சனிக்கிழமை கோட்டை ஸ்டேஷனில் இறங்கி,
தலைமைச் செயலகத்துக்கு வந்தவர்களோடு வரிசையில் நின்று
பையைத் திறந்து காட்டி,
கோயிலைச் சுற்றித் தரையில் பாவிய
கல்லறைப் பலகைகள் மேல் குனிந்து நடந்தேன்.
கப்பல் தலைவர்கள், பிரசவத்தில் போன மனைவிகள்,
லத்தீனில் ஒரு வணிகன்.
அவன் இல்லை.
அவள் எப்படி இருப்பாள்?
கறுப்பர் பட்டணத்தில் வளர்ந்து
யாரையோ கட்டி எங்கோ கலந்திருப்பாள்.
திரும்பும் மின்சார ரயிலில்
ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தேன்.
ஒருத்தி முறைத்தாள்.

அந்த அறுபது ரூபாய் என் கணக்கு.
தாளை வீட்டில்
ரேஷன் கார்டும் கேஸ் புத்தகமும் இருக்கும்
பிஸ்கட் டப்பாவில் போட்டேன்.
சிலிண்டர் வந்த அன்று லோவிசாள் அதை எடுத்து,
ஈரக்கையைப் புடவையில் துடைத்து,
ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டிப் படித்தாள்.
'இவ அம்மா பேரு எங்க?'
'போடல.'
'போடலையா, இல்ல நீ சரியா தேடலையா?'
வாசலில் ஆள் காசுக்கு நின்றான்.